கொழும்பில் தனியாக ஒரு கிழமை: தேங்காயும் பார்சலும் கொஞ்சம் காய்ச்சலும்

தனியாக இருப்பவர்கள் தங்களுடைய சாதாரண கிழமை ஒன்றை அப்படியே எழுதினால் என்ன என்று கதை வந்தது. சரி, நானே தொடங்குகிறேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

இருப்பது வெள்ளவத்தையில். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடி. ஒரு அறை, ஒரு குசினி, உடுப்புக் காயப்போட ஒரு பல்கனி. சொந்த ஊர் சாவகச்சேரி, வேலை கோட்டையில். வாடகை, அட்வான்ஸ் கதையெல்லாம் இங்கே வேண்டாம். தொடங்கினால் எல்லோருக்கும் பிரஷர் ஏறும்.

ஊருக்குப் போனால் "தனிய இருக்கிறாய், பொழுது போகுதா பிள்ளை?" என்றுதான் கேட்பார்கள். எனக்குப் பொழுது போதாமல் இருக்கிறது. என்னைப் படுத்துவது தேங்காய்தான். கொழும்பில் எதையும் ஒரு ஆளின் அளவுக்கு விற்கமாட்டார்கள். வல்லாரை ஒரு பிடி வாங்கினால் இரண்டு நாளைக்கு வல்லாரை. சோத்துப் பார்சல் ஒன்று எடுத்தால் அதில் இரண்டு பேர் சாப்பிடலாம். இரவுக்கென்று மிச்சம் வைத்தால் இந்த வெக்கைக்குப் பருப்பு முதலில் புளிக்கும். பாண் ஒன்றுதான் எங்களை மதிக்கிறது. அரை றாத்தல் என்றாலும் கால் றாத்தல் என்றாலும் கடைக்காரர் முகம் சுளிக்காமல் வெட்டித் தருவார். தேங்காயை அப்படி யார் தருவார்கள்? 2025 தொடக்கத்தில் ஒன்று 200 ரூபாயைத் தொட்ட நாட்களில், பாதியைப் பழுதாக விட்டால் பாவம் பிடிக்கும் போல இருந்தது.

கண் உள்ள பாதிதான் கெதியில் பழுதாகும், அதை முதலில் துருவு என்று அம்மா சொல்லித் தந்தது. மற்றப் பாதிக்கு உப்புத் தடவி பிரிட்ஜில் வைக்கலாம். ஆனால் இப்போது எனக்கு அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது: கீழ் வீட்டுச் சிங்கள அன்ரி. அவரும் தனி. மகன் இத்தாலியில். ஒரு நாள் நான் பாதித் தேங்காயைக் கோப்பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோப்பை வெறுமனே திரும்பி வரவில்லை, அடுத்த முதலாம் தேதி கிரிபத்துடன், அதுதான் பாற்சோற்றுடன், வந்தது. அதன் பிறகு யார் தேங்காய் உடைத்தாலும் மற்றவருக்குப் பாதி. இதைப்பற்றி நாங்கள் ஒரு வார்த்தையும் கதைத்து வைக்கவில்லை. என் சிங்களமும் அவருடைய தமிழும் அவ்வளவு தூரம் போகாது.

திங்கள் சொல்ல ஒன்றுமில்லை. பாணந்துறைப் பக்கமிருந்து வரும் ஒபிஸ் ரயிலில் வெள்ளவத்தையில் ஏறுகிறவர்களுக்குத் தெரியும், கால் வைக்க இடம் கிடைத்தால் அது நல்ல திங்கள்.

செவ்வாய் இரவு அம்மாவின் கோல். "பஸ்ஸில போட்டாச்சு, விடிய எழும்பிப் போய் எடு." புதன் விடிய நாலரைக்குக் கொண்டக்டர் எடுத்தார்: "அக்கா, பம்பலப்பிட்டி தாண்டிட்டம், வந்து நில்லுங்கோ." யாழ்ப்பாண பஸ்கள் வந்து சேரும் அந்த நேரத்துக் காலி வீதியை நீங்கள் பார்க்க வேண்டும். மற்ற ஊரெல்லாம் நித்திரை. இங்கே பெட்டி இழுக்கிறவர்கள், கைப்பிள்ளைக்குத் தொப்பி மாட்டுகிறவர்கள், ஓட்டோக்காரருடன் விலை பேரம் பேசுகிறவர்கள். பஸ்ஸின் வயிற்றைத் திறந்து கொண்டக்டர் பாதி உடம்பை உள்ளே விட்டுத் தேடுவார். என்னுடைய பெட்டியைத் தேடவே தேவையில்லை, முருங்கைக்காய் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பிஸ்கட் பெட்டி, நீல நைலோன் கயிறு, மேலே மார்க்கர் பேனையால் என் பெயரும் நம்பரும். உள்ளே ஹோர்லிக்ஸ் போத்தலில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டிக் குட்டான், பேப்பரில் சுற்றின கறுத்தக்கொழும்பான் மாம்பழம். ஒவ்வொன்றும் ஆறு பேருக்கு. வீட்டில் எத்தனை பேர் என்பது அம்மாவின் கைக்கு இன்னும் விளங்கவில்லை.

மாம்பழம் பழுக்கத் தொடங்கினால் காத்திருக்காது. அன்று காலையே பங்கு போட்டேன். அன்ரிக்கு, கீழே வோச்சர் ஐயாவுக்கு, மிச்சம் ஒபிசுக்கு. முருங்கைக்காயையும் ஒரு கட்டு பையில் செருகிக்கொண்டு ரயில் ஏறினேன். நெரிசலில் அது பக்கத்தில் நின்றவரின் விலாவில் குத்திவிட்டது. அவர் திரும்பிப் பார்த்தார். பேச்சு விழப்போகுது என்று நினைத்தேன். முருங்கைக்காயை விரலால் மெல்ல நசுக்கிப் பார்த்துவிட்டு, எங்கே வாங்கினது என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். "ஆ, அதுதான்" என்கிற மாதிரித் தலையை ஆட்டினார். கொள்ளுப்பிட்டியில் இறங்கும்போது அவர் கையில் மூன்று காய்.

புதன் இரவு காஸ் முடிந்தது. பருப்பு அரை அவியலில். நெருப்பு மஞ்சளாகி, சிவந்து, ஒரு தும்மல், அவ்வளவுதான். பருப்பை றைஸ்குக்கருக்கு மாற்றினேன், அது பருப்பும் அவிக்கும் என்பது தனியாக இருப்பவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு இரவில் தெரியவரும். நான் வைத்திருப்பது 12.5 கிலோ சிலிண்டர். ஒரு ஆளுக்கு அது மாதக்கணக்கில் ஓடும் என்பதால் எப்போது முடியும் என்ற கணக்கே மனதில் நிற்பதில்லை. 5 கிலோ சிலிண்டர் எடுத்தால் நானே மூன்று மாடி தூக்கலாம், ஆனால் 2022 இல் காஸ் வரிசையில் நின்ற எவருக்கும் சிறிய சிலிண்டரை நம்பி இருக்க மனம் வராது.

வியாழன் இரவு உடம்பு கொதிக்கத் தொடங்கியது. மழைக்காலம், கொழும்பு, காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் ஒரே நினைப்புத்தான். பனடோலைத் தவிர வேறு நோ மாத்திரை எதுவும் தொடவில்லை. டெங்குவாக இருந்தால் அஸ்பிரின், புரூஃபன் எல்லாம் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். தனியாக இருக்கும்போது காய்ச்சலில் மோசமானது உடம்பு நோவு அல்ல, தண்ணீர்ப் போத்தல் காலியாகிக் குசினி வெகு தூரத்தில் இருப்பது. பிரிட்ஜ் கதவில் 1990 என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். 2016 இல் தொடங்கிய இலவச அம்புலன்ஸ். அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன், எடுக்கவில்லை. எடுக்கும் அளவுக்கு இல்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளி காலை வழக்கமான நேரத்துக்கு நான் படி இறங்கவில்லை. அன்ரி ஏறி வந்துவிட்டார். முழங்கால் நோ உள்ள மனிசி, மூன்று மாடி. நெற்றியில் கை வைத்துப் பார்த்து "துவே", மகளே, என்றார், பிறகு சிங்களத்தில் நன்றாக ஏசினார். ஏன் நேற்றே சொல்லவில்லை என்பது மட்டும் எனக்கு விளங்கியது. கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணி, பிறகு கஞ்சி, பிறகு திரும்பவும் கொத்தமல்லி. மூன்றாம் நாள் இரத்தம் சோதித்தேன். பிளேட்லெட் குறையவில்லை, வெறும் வைரஸ் காய்ச்சல். அம்மாவுக்கு ரிப்போர்ட் வந்த பிறகுதான் சொன்னேன். அவரும் நன்றாக ஏசினார், இந்தமுறை ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

ஞாயிறு கரண்ட் பில் வந்தது. 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு கணக்கு என்பதால் மாதக் கடைசியில் மீட்டரைப் பார்த்து நடக்கிறவள் நான். இந்தமுறை 58. ஒரு ஆளாக இருப்பதன் ஒரே லாபம் இதுதான் என்று நினைக்கிறேன்.

மற்றவர்கள் எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனை ஆள்:

அக்கா, தேங்காய்க் கதை சரிதான், ஆனால் ஆண்பிள்ளைகள் நாங்கள் தேங்காயே வாங்குவதில்லை. நான் மட்டக்களப்பு. சாப்பாடு மூன்று நேரமும் ஒரே கடை. இப்போது போய் இருந்தால் என்ன வேணும் என்று கேட்கவே மாட்டார்கள், இடியப்பமும் சொதியும் வந்துவிடும். ஒரு நாள் தோசை சாப்பிட ஆசைப்பட்டுப் போனேன், வாயைத் திறக்க முன் இடியப்பம் வந்துவிட்டது. அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் சாப்பிட்டேன்.

எனக்கு கிழமையின் நடு செவ்வாய்க்கிழமை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் சனம் திரண்டு வரும் நாள். நான் சைவம், ஆனால் அன்று வேலை முடிந்து நேரே அறைக்குப் போவதில்லை. மெழுகுதிரிக்காரர், மாலைக்காரர், பர்தா போட்ட ஒரு அம்மா, பொட்டு வைத்த ஒரு அம்மா, எல்லோரும் ஒரே வரிசையில். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவேன். யாரோடும் கதைக்க வேண்டியதில்லை, அதே நேரம் ஆட்களோடும் இருக்கலாம். அறையில் இருக்கும் மற்ற நாட்களைவிட அது எவ்வளவோ மேல்.

பம்பலப்பிட்டி கிழவன்:

பிள்ளைகள், எனக்கு எழுபது தாண்டிவிட்டது. மனைவி இல்லை, மகள் ரொறன்ரோவில். நமது நேரத்துக்கும் அவளுடையதுக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், அங்கே மாரி தொடங்கினால் பத்தரை. அவள் பிள்ளைகளைப் படுக்கப் போட்டுவிட்டு எடுப்பாள், எனக்கு அது காலைத் தேத்தண்ணி நேரம். அங்கே மணிக்கூட்டை மாற்றும் கிழமையில் கோல் ஒரு மணித்தியாலம் பிந்தும். காரணம் தெரியும். தெரிந்தும் அந்த ஒரு மணித்தியாலம் கதிரையில் இருக்க முடிவதில்லை, பல்கனிக்கும் போனுக்கும் நடந்துகொண்டிருப்பேன்.

காய்ச்சல்காரப் பிள்ளைக்கு ஒன்று சொல்கிறேன். என் வாசலில் காலைப் பேப்பர் எட்டு மணிக்குப் பிறகும் கிடந்தால் பெல் அடிக்கச் சொல்லி எதிர்வீட்டுத் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பிந்தி எழும்பும் நாட்களில் அவன் அடித்து எழுப்பிவிடுவான், கோபம்தான் வரும். இருந்தாலும் அந்த ஏற்பாட்டை நிறுத்தவில்லை. நீயும் யாரிடமாவது சொல்லி வை.

நான் இளவயதில் தனியாக லொட்ஜில் இருந்த காலத்தில் பெல் அடித்தால் வயிறு கலங்கும், பொலிஸ் பதிவு பார்க்க வந்திருப்பார்கள். 2007 ஜூன் 7 அன்று லொட்ஜுகளில் இருந்த நமது சனத்தை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள், மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. அதையெல்லாம் பார்த்தவனுக்கு எதிர்வீட்டுத் தம்பி அடிக்கும் பெல் சங்கீதம்.

அட்டன் பிள்ளை:

நான் வெள்ளவத்தையில் துணிக்கடை ஒன்றில் வேலை. தனி அறை, ஆனால் போர்டிங். பிரிட்ஜ் இல்லை, குசினியும் இல்லை, தண்ணி சுடவைக்கும் கேத்தல் ஒன்றுதான். பார்சல் போடச் சொன்னால் அம்மா தேயிலைத்தூள்தான் போடுவா, அதுவும் ஒரு கிலோ. கடையில் எல்லோருக்கும் பிளேன்ரீ நான்தான் ஊற்றுகிறேன் இப்போது.

போயா நாள் கடை பூட்டு. நித்திரை கொள்ளலாம் என்று நினைத்தால் பாண், பனிஸ் விற்கும் சூன் பாண் ஓட்டோ ஏழு மணிக்கே பாடிக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்துவிடும். எழும்பி ஓடிப்போய்க் கிம்புலா பனிஸ் ஒன்று வாங்குவேன். மேலே ஒட்டியிருக்கும் சீனியை முதலில் தின்றுவிட்டு அப்புறம்தான் தேத்தண்ணி. அக்காவுக்கு 58 யூனிட் என்றால் எங்களுக்கு பில்லே அறை வாடகையோடு சேர்த்துத்தான், என்ன கணக்கில் என்று கேட்டால் வீட்டுக்காரருக்கு முகம் மாறும்.

எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். எங்கள் போர்டிங் கேற்றை இரவு ஒன்பதரைக்குப் பூட்டுகிறார்கள். பண்டிகைக் காலத்தில் கடையிலிருந்து வெளிக்கிட ஒன்பதரை தாண்டும். போன கிழமை வோச்சர் மாமா திறந்து விட்டார், ஆனால் ஒவ்வொரு நாளும் அவரைக் கெஞ்ச முடியாது. இதே பிரச்சினை உள்ளவர்கள் வீட்டுக்காரரிடம் எப்படிக் கதைத்தீர்கள்? கடையிலிருந்து கடிதம் வாங்கிக் கொடுத்தால் ஒத்துக்கொள்வார்களா?