629629629629: கையால காரணி பிரிக்க வழி உண்டா?

தக்கலைக்காரி:
மக பத்தாங்கிளாஸ் படிக்கா. இப்ப பகாக் காரணின்னா அவளுக்கு உயிரு, தபால் கவர பாத்துட்டு நம்ம மாவட்டத்து பின்கோடு எல்லாம் 629-ல தான தொடங்குதுன்னு அத நாலு தடவ சேத்து எழுதி இதுக்கு காரணி கண்டுபிடிச்சே தீருவேன், கால்குலேட்டர் தொடமாட்டேன்னு இருக்கா. இலக்கங்கள கூட்டினா 68, அதனால 3-ஆல போகாதுன்னு அவளே சொல்லிட்டா. 7-ஆல வகுத்து 89947089947-ல வந்து நிக்கா, அதுக்குப் பொறவு நோட்டு தீருதே தவிர கணக்கு தீரல்ல. வழி சொல்லுங்க, விடைய மட்டும் போட்டா அவ ஒத்துக்க மாட்டா.

கோட்டாறு கணக்கு:
அம்மா, நீளத்த பாத்து பயப்படாண்டாம். ஒரே மூணு இலக்கம் தான திரும்பத் திரும்ப வருது, அத முதல்ல வெளிய எடுக்கச் சொல்லுங்க, 629 × 1001001001. அந்த ரெண்டாவது எண் 1001 × 1000001. இப்ப தனித்தனியா பிரிச்சா போதும். 629 = 17 × 37. 1001 = 7 × 11 × 13, இத பிள்ளை மனப்பாடமா வச்சிக்கிடட்டும், ரொம்ப இடத்துல உதவும். 1000001 = 101 × 9901. ஆக 7, 11, 13, 17, 37, 101, 9901, ஒண்ணு கூட ரெண்டு தடவ வரல்ல. அதனால மொத்த வகுத்திகள் 2-இன் ஏழாவது அடுக்கு, 128.

தக்கலைக்காரி:
ரொம்ப நன்றி சார். 1000001 எப்படி 101-ஆல போகும்னு தெரியும், 9901 பகா எண்ணுதான்னு எப்படி நம்பன்னு கேக்கா.

கோட்டாறு கணக்கு:
நல்ல கேள்வி. 1000001-ங்கது 100³ + 1³ தான, a³ + b³ சூத்திரம் போடுங்க, (100 + 1) × (10000 − 100 + 1), ரெண்டாவது அடைப்புல 9901 தானா வந்துடும். அதோட வர்க்கமூலம் 100-க்கு உள்ள, அதனால 97 வரைக்கும் உள்ள பகா எண்கள பாத்தா போதும். அதுலயும் இந்த மாதிரி எண்ணுக்கு காரணி இருந்தா 12-ஆல வகுக்கப்ப மீதி 1 வரணும், காரணம் அவ பெரிய கிளாஸ் போனா படிப்பா. அப்படிப் பாத்தா 13, 37, 61, 73, 97 மட்டும்தான். வகுத்துப் பாக்கச் சொல்லுங்க, மீதி முறையே 8, 22, 19, 46, 7. ஒண்ணும் போகல்ல, பகா எண் தான்.

குழித்துறை:
எனக்கு 629-ஏ ரொம்ப பிடிச்ச எண்ணு. 6 + 2 + 9 = 17, அந்த 17-ஆலயே அது போகுது பாருங்க. இப்படிப்பட்டதுக்கு ஹர்ஷத் எண்ணுன்னு பேரு வச்சது தேவ்லாலியில ஸ்கூல் வாத்தியாரா இருந்த கப்ரேகர். ஆனா நாலு தடவ எழுதினா கூட்டுத்தொகை 68, இரட்டை எண், ஒத்தைப்படை எண்ண அது வகுக்காது. மூணு தடவ எழுதினா வரும், கூட்டுத்தொகை 51, 629629629 = 3 × 17 × 37 × 333667. அடுத்து ஒன்பது தடவ எழுதினாதான் வரும், ஏன்னு மகள யோசிக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, 629-ஐ ரெண்டு வர்க்கத்தோட கூட்டலா ரெண்டு விதமா எழுதலாம், 25² + 2², 23² + 10². உங்க பன்னெண்டு இலக்க எண்ண அப்படி எழுதவே முடியாது, உள்ள ஒத்தையா நிக்க அந்த 7-உம் 11-உம் விடாது.