தேங்காய்த்திட்டு பக்கம் பறவை பார்க்கப் போறவங்க கொஞ்சம் உதவுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கிழமை அப்பாவோட புதுச்சேரியில அரியாங்குப்பம் ஆத்தோரம், தேங்காய்த்திட்டு அலையாத்திக் காட்டுப் பக்கம் போயிருந்தேன். மார்கழிப் பனி விலகவே ஏழரை ஆயிடுச்சு. ஆத்துல தண்ணி ஏறிக் கிடந்ததால கொக்கும் நீர்க்காகமும் தவிர ஒன்னும் கண்ணுல படல. வீட்டுக்குக் கிளம்புற நேரத்துல தண்ணி இறங்கி சேறு தெரிய ஆரம்பிச்சுது. எங்கேருந்துதான் வந்துச்சுங்களோ, பத்து நிமிஷத்துல சேத்து மேல எல்லாம் உள்ளான் கூட்டம்!

அதுல ஒன்னுதான் குழப்புது. செக்கச் சிவந்த கால், சாம்பல் உடம்பு, நீளமான மெல்லிய அலகு. நெடுங்கால் உள்ளான் இல்ல, இறக்கை கறுப்பா இல்லையே. வழக்கமான பவளக்காலின்னா பறக்கும்போது இறக்கையோட பின் ஓரத்துல அகலமா வெள்ளைப் பட்டை தெரியணும். இதுல தெரியல. புள்ளிப் பவளக்காலியா இருக்குமோ? நம்ம பக்கம் யாராவது பார்த்திருக்கீங்களா? நான் எடுத்த படத்துல சேறுதான் தெளிவா விழுந்திருக்கு, அதனால போடல.

இன்னொன்னு. வத்தம் (தண்ணி இறங்கிக் கிடக்குற நேரம்) தினமும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப் போகுமே, வர்ற ஞாயிறு காலையில எத்தனை மணிக்கு இருக்கும்? மீன்பிடிக்கப் போறவங்க சொன்னா நல்லது. அப்பாவுக்கு முட்டி வலி; சேத்துல இறங்காம, வழுக்காம நின்னு பார்க்க ஒரு இடம் சொல்லுங்க. இந்தத் தடவையும் வருவேன்னு அடம் பிடிக்கிறார்.