வூடுவா, வோடூவா, ஊடூவா? வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு சொல் வேணும்

எல்லாருக்கும் வணக்கம். அவசரமா உங்க உதவி வேணும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அச்சுக்குப் போகுது. கல்லூரி முதலாண்டுப் பிள்ளைங்களுக்கு உலகச் சமயங்கள்னு ஒரு பாடநூல், அதுல ஹைட்டிங்கற கரீபியன் தீவு நாடு பத்தின 12 பக்கம் என் பங்கு. நான் "வூடு சமயம்"னு எழுதிக் குடுத்திருந்தேன். மெய்ப்பு திரும்பி வந்தப்ப பார்த்தா அத்தனை இடத்துலயும் சிவப்பு மையில அடிச்சு "சூனிய மதம்"னு மாத்தியிருக்காங்க. எண்ணினேன், 31 இடம். முதல் பக்க ஓரத்துல "வூடு என்றால் மாணவர் வீடு என்று படிப்பார்கள்"னு ஒரு குறிப்பு. குறிப்புல நியாயம் இருக்கு, சென்னையில வீட்டை வூடுன்னுதானே சொல்றோம். ஆனா அதுக்கு மருந்து சூனியமா? ஒரு நாட்டு ஜனங்க கும்புடுற சாமியை, செத்தவங்களுக்குப் படைக்கிறதை, நோய்க்கு வைத்தியம் பார்க்கிறதை எல்லாம் சேர்த்து செய்வினைன்னு ஒரே சொல்லுல முடிச்சா அந்தப் பாடத்தை எழுதவே வேணாம்.

சமயத்தோட பேரு மட்டும் இல்ல, உள்ள இருக்கிற சொல்லுக்கும் தமிழ் வேணும். படைச்சவர் ஒருத்தர்தான், போன்டியே. அவர் எட்டாத தூரத்துல இருக்கார், அதனால அவருக்கும் மனுஷங்களுக்கும் நடுவுல இருக்கிற லுவாக்கள்கிட்டதான் ஜனங்க பேசறாங்க. லுவா ஆள் மேல வந்து எறங்குறது, அந்த ஆளைக் "குதிரை"ன்னு சொல்றது, மக்காச்சோள மாவால தரையில போடுற வேவே, கூடத்துக்கு நடுவுல நிக்கிற பொத்தோ மித்தான் தூண். இதுக்கெல்லாம் என்ன போடலாம்?
– தா.

---

தா. அவர்களுக்கு,
முதலில் எழுத்து. "உ ஊ ஒ ஓ என்னும் நான்குயிர் வ என் எழுத்தொடு வருதல் இல்லை" என்று தொல்காப்பியம் சொல்லிவிட்டது. ஆகவே வூடுவும் தவறு, வோடுவும் தவறு. வகரத்தை நீக்கி ஊடூ என்று எழுதலாம். வோட்டை நாம் ஓட்டு என்றுதானே எழுதுகிறோம்? யார் இடறினார்கள்? லுவாவும் மொழிமுதல் ஆகாது, லகரம் முதலில் வராது, இலக்குவன் போல இலுவா என்று எழுதுங்கள்.

ஊடு என்றால் இடை, நடு. ஊடுபயிர், ஊடுருவல், ஊடகம் எல்லாம் அதன் வழி வந்தவை. மனிதருக்கும் இறைவனுக்கும் ஊடே நிற்கும் தெய்வங்களைப் போற்றும் சமயத்துக்கு ஊடூ என்ற ஒலி எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது பாருங்கள். வேர் ஒன்றென்று நான் சொல்லவில்லை, ஆனால் தேடிப் பார்க்கத் தக்கது.
– மு.

---

மு. ஐயா, இலக்கணம் சரி, ஆனா ஊடூன்னு போட்டா எந்தப் பையனுக்குப் புரியும்? தேடுபொறியில அடிச்சா ஒண்ணும் வராது. நான் மென்பொருள் தமிழாக்கத்துல 14 வருஷமா இருக்கேன், பார்த்ததும் புரியணும், அதான் முதல் விதி. உள்ளதைச் சொல்றேன், வூடுன்னா எனக்குத் தெரிஞ்சது பொம்மையில ஊசி குத்துறது, அப்புறம் ஜோம்பி. நம்ம ஊர்ல அதுக்குப் பேரு பில்லி சூனியம்தானே? மெய்ப்புக்காரர் பண்ணது பெரிய தப்பான்னு கேக்குறேன், சண்டைக்கு இல்ல அக்கா.
– செ.

---

செ. தம்பி, நல்லதாப் போச்சு நீ கேட்டது, பிள்ளைங்களும் இதைத்தான் கேப்பாங்க.

அந்த ஊசி பொம்மை ஹைட்டியோட வழிபாட்டுல கிடையாது. உருவம் செஞ்சு குத்துறது ஐரோப்பாவுல பழைய காலத்துலேர்ந்து இருந்த மாந்திரீகம். ஆப்பிரிக்காவுல கொங்கோ பக்கம் ஆணி அடிச்ச மரச்சிலைங்க உண்டு, ஆனா அந்த ஆணி யாரையும் வதைக்கறதுக்கு இல்ல, சத்தியம் பண்ணதுக்கு, வழக்கு தீர்ந்ததுக்கு அடையாளமா அடிக்கிறது. ஹைட்டி எப்ப பேய்நாடு ஆச்சுன்னா, 1915லேர்ந்து 1934 வரைக்கும் அமெரிக்கப் படை அங்க உக்காந்திருந்த காலத்துல. 1929ல ஒரு பயணப் புத்தகம் அமெரிக்காவுல பரபரப்பா வித்துச்சு, 1932ல முதல் ஜோம்பி சினிமா வந்துச்சு, மிச்சத்தை சினிமாக்காரங்களே பார்த்துக்கிட்டாங்க. ஹைட்டிக்காரங்களுக்கு ஜோம்பி மேல இருக்கிற பயம் வேற மாதிரி. அது கடிச்சுத் தின்ற பொணம் இல்ல. செத்தும் விடுதலை இல்லாம, புத்தியைப் பறிகொடுத்துட்டு, இன்னொருத்தன் காட்டுல வேலை செய்ற உடம்பு. கரும்புத் தோட்டத்துல அடிமையா இருந்தவங்களோட பேரன் பேத்திங்க வேற எதுக்குப் பயப்படுவாங்க சொல்லு?

செய்வினை செய்றவங்க அங்கயும் உண்டு, இல்லன்னு சொல்லல. போக்கோர்னு பேரு, "ரெண்டு கையாலயும் வேலை செய்றவன்"னு சொல்லுவாங்க. பூசாரி உங்கான், பூசாரியம்மா மன்போ. இவங்க வேற, அவன் வேற. நம்ம ஊர்லயும் மந்திரவாதி இருக்கான்னு நம்ம கோயில் எல்லாத்துக்கும் சூனியக்கூடம்னு பேரு வச்சா ஒத்துப்பியா?

இன்னொண்ணு சொல்லிடுறேன், இது ராத்திரி எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். 2010 அக்டோபர்ல ஹைட்டியில காலரா வந்துச்சு. ஐநா அமைதிப்படை முகாம் கழிவு ஆத்துல கலந்துதான் வந்துச்சு, 2016ல தங்களுக்கும் அதுல பங்கு இருக்குன்னு ஐநாவே ஒத்துக்கிச்சு. ஆனா காலரா வந்த அந்த 2010 கடைசியில, பொடி தூவி நோயைப் பரப்புறாங்கன்னு சொல்லி கும்பல் அடிச்சுக் கொன்னது 40 பேருக்கு மேல, அதுல நிறைய பேர் பூசாரிங்க. "சூனியக்காரன்"ங்கற சொல் என்ன செய்யும்னு இதுக்கு மேல நான் சொல்லணுமா? அந்தச் சொல்லை 31 இடத்துல என் கையால போட மாட்டேன்.
– தா.

---

வணக்கம். நான் எப்பவும் வாசிச்சிட்டுப் போறவள்தான், இதுக்கு எழுதத்தான் வேணும் போல கிடக்கு. கனடாவில மொன்றியல்ல முதியோர் இல்லத்தில வேலை செய்யிறன். இஞ்ச எங்கட ஆக்களும் ஹைட்டி ஆக்களும் நிறைய. என்னோட இரவு ஷிப்ட் நிக்கிற அக்கா ஒராள் ஹைட்டித் தலைநகர் போர்த்தோபிரான்ஸ் ஆள். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் "போன்டியே போன்" எண்டு சொல்லுவா, கடவுள் நல்லவர் எண்டு அர்த்தம். ஞாயிறு பூசைக்கும் போவா, நவம்பர் பிறந்தா செத்த ஆக்களுக்கு மெழுகுதிரி கொளுத்தி கோப்பி ஊத்தி வைப்பா. ரெண்டும் அவவுக்கு ஒண்டோட ஒண்டு மோதுறேல்ல.

உச்சரிப்பு: அவ சொல்லுறது "வோடூ", கடைசி எழுத்தை இழுத்து. வூடு எண்டது இங்கிலீஸ் வாய். ஆனா தன்ர சமயத்துக்கு அவ அந்தப் பேரைச் சொல்லிறதே குறைவு. "நான் லுவாவுக்குச் சேவை செய்யிறன்" எண்டுதான் சொல்லுவா, ஹைட்டி ஆக்களின்ர கிரெயோல் பாஷையில "செவி லுவா".

ஒருக்கா பொங்கலுக்கு அம்மா போட்ட கோலத்தின்ர படத்தை போன்ல காட்டினனான். கனநேரம் உத்துப் பார்த்திட்டு, "இது ஆரைக் கூப்பிடுறதுக்கு?" எண்டு கேட்டா. எனக்குப் பதில் சொல்லத் தெரியேல்ல.
– ரா.

---

ரா. அம்மாவுக்கு நன்றி. செவி என்பதும் சேவி என்பதும் இவ்வளவு அருகில் நிற்கின்றனவே என்று அகராதியைப் புரட்டினேன். கிரெயோல் சொல் பிரெஞ்சு வழி இலத்தீனிலிருந்து வருவது, நம் சேவி வடசொல். உறவில்லை. தொண்டு எனலாம். ஊழியம் நல்ல சொல், ஆனால் இன்று அதைக் கேட்டால் தேவாலயம்தான் நினைவுக்கு வருகிறது.

வோடூன் என்பது மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபோன் மொழிச் சொல், தெய்வம் என்றே பொருள். பழைய தகோமே அரசின் நிலம், இன்றைய பெனின். அங்கே ஆண்டுதோறும் சனவரியில் வோடூனுக்கு அரசு விடுமுறை. லுவா எங்கிருந்து வந்தது என்பதில் ஒருமித்த கருத்தில்லை. யொருபாவில் தலைவனைக் குறிக்கும் ஒலுவா என்பர் சிலர். பிரெஞ்சில் சட்டம் என்னும் சொல்லும் அதே ஒலிதான். தெய்வமும் சட்டமும் ஒரே ஒலியில் நிற்பது எனக்கு வியப்பாக இல்லை. நம் இறை என்ற சொல்லைப் பாருங்கள்: அரசன், அவன் வாங்கும் வரி, கடவுள் மூன்றும் அதற்குள் அடக்கம். இறுப்பது இறை, இறுத்தல் தங்குதல், மேலே வந்து தங்குவதும் இறுத்தலே. ஆக லுவாவுக்கு "இறுவோன்" என்று ஆக்கினால் என்ன?

அது வேண்டாம் என்றால் அணங்கு இருக்கிறது. மலையிலும் மரத்திலும் நீர்த்துறையிலும் உறைவது, வருத்துவது, அருள்வது. நடுத்தூணுக்குக் கந்து. தெய்வம் உறையும் தூணைக் கந்து என்றுதான் சங்கத்தார் சொன்னார்கள். மேலே வந்து ஆடுவதற்கு வெறியாட்டு.
– மு.

---

ஐயா, கந்துன்னா இன்னிக்குப் பிள்ளைங்களுக்குக் கந்துவட்டிதான் தெரியும். வெறியாட்டுன்னு தேர்வுத்தாள்ல போட்டா வெறிபிடிச்ச ஆட்டம்னுதான் எழுதுவாங்க. எந்தக் கெட்டபேரைத் துடைக்கணும்னு அக்கா பாடுபடறாங்களோ அதையே திரும்ப ஒட்டுறோம். பேருக்குச் சூனியம் வேணாங்கறதை நான் ஒத்துக்கிட்டேன்.

எங்க அம்மாவோட ஊர் திருச்செந்தூர் பக்கம். கோயில் கொடையில வில்லுப்பாட்டு வேகம் ஏறி மேளம் மாறுறப்ப கோமரத்தாடி, அதான் சாமியாடி, உடம்பு முதல்ல தோள்லதான் நடுங்கும். கண்ணு மேல போகும். பக்கத்துல ரெண்டு பேர் விழுந்துடாம இடுப்பைத் தாங்கிப்பாங்க. என் மாமாதான் கோமரத்தாடி. ஆடி முடிச்சதும் தண்ணி குடிச்சிட்டு "என்ன சொன்னேன்?"னு எங்ககிட்டதான் கேப்பார். அக்கா மடல்ல குதிரைன்னு படிச்சதும் எனக்கு மாமாதான் கண்ணு முன்னால வந்தார். சாமி ஏறிடுச்சுன்னுதானே நாமளும் சொல்றோம், அவங்க ஏறுனதை வச்சு ஆளைக் குதிரைன்னு சொல்றாங்க. குதிரைன்னே போடுங்க, "சாமி ஏறுதல்"னு விளக்கம் குடுங்க. லுவாவுக்குச் சாமின்னே போட்டுடலாம்.
– செ.

---

எங்கட பக்கம் உரு ஏறுறது, கலை வாறது எண்டுறது. குதிரை நல்லம். அந்த அக்காவும் அப்பிடித்தான் சொல்லுவா.
– ரா.

---

எனக்கு ஒரு தயக்கம். நான் கல்லூரியில சமயவியல் நடத்துறேன். எல்லாத்தையும் சாமி, கோலம், கொடைன்னு மாத்திட்டா பிள்ளைங்களுக்கு நெருக்கமா இருக்கும், ஒத்துக்கிறேன், ஆனா இந்த ஜனங்களை ஆப்பிரிக்காவுலேர்ந்து கொண்டுவந்த அடிமைக் கப்பல் காணாமப் போயிடும். 1685லயே பிரெஞ்சு அரசன் சட்டம் போட்டுத் தன் காலனிங்கள்ல இருந்த அடிமைங்க எல்லாரையும் கத்தோலிக்கரா ஞானஸ்நானம் பண்ண வச்சான். அதனாலதான் தம்பலா பாம்பு லுவாவுக்குக் காலடியில பாம்போட இருக்கிற புனிதர் பேட்ரிக் படம், வழி தொறக்கிற லெக்பாவுக்குச் சாவி வச்சிருக்கிற புனிதர் பேதுரு படம். லெக்பாவைக் கூப்பிடாம எந்தச் சடங்கும் தொடங்காது. ராதா வரிசை லுவாக்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்தவங்க, பெத்ரோ வரிசை அந்தத் தீவுலயே, சவுக்கடிக்கு நடுவுல உருவான வரிசை, சூடு அதிகம். 1791 ஆகஸ்ட்ல புவா கைமான் காட்டுல கூடிச் சத்தியம் பண்ணிட்டுத்தான் அடிமைங்களோட கிளர்ச்சி தொடங்கினதா அவங்க சொல்றாங்க, 1804ல சுதந்திர நாடு. சொந்த நாட்டுலயே 1835 குற்றவியல் சட்டத்துல தடை, 1941, 42ல தேவாலயமும் அரசும் சேர்ந்து மேளத்தைக் கொளுத்தினாங்க, 2003 ஏப்ரல்லதான் மத்த சமயம் மாதிரி இதுக்கும் அங்கீகாரம். சாமின்னு எழுதினா இதெல்லாம் எங்க போகும்?

அதோட சாமின்னா பல கடவுள்னு ஆயிடும். போன்டியே ஒருத்தர்ங்கறதுல அவங்க ரொம்பத் தெளிவா இருக்காங்க. சிறுதெய்வம்னு சொன்னா நாட்டார் வழக்காற்றியல்காரங்க சண்டைக்கு வருவாங்க, அதுவும் நியாயம்தான். லுவாவை லுவான்னே விடுங்க. பேரு வோடூ. அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே 2012ல பழைய தலைப்பை மாத்தி வோடூன்னு வச்சிருக்கு, அந்தச் சமயத்தைப் படிக்கிறவங்க கேட்டுக்கிட்டதால.
– க.

---

க. சொல்றது சரிதான், ஆனா எல்லாத்தையும் அப்படியே விட்டா அது தமிழ்ப் பாடம் இல்ல, ஒலிபெயர்ப்பு. வேவேக்காவது மாக்கோலம்னு போடலாம்ல?
– செ.

---

வேவே வேற தம்பி. சோள மாவை விரலிடுக்குல வழியவிட்டுப் போடுறது வரைக்கும் நம்ம மாதிரிதான். ஆனா ஒவ்வொரு லுவாவுக்கும் ஒரு வேவே, காதல் லுவா எஸிலிக்கு இதயம், கடல் லுவா அக்வேக்குப் படகு. அதைப் போடுறதே கூப்பிடுறதுக்கு. ஆடுறவங்க கால் பட்டு அழிஞ்சு போகும், அழியத்தான் போடுறது. ரா. தோழி கேட்ட கேள்வியைப் படிச்சிட்டு "அழைப்புக்கோலம்"னு எழுதியிருக்கேன்.

இப்ப மணி வியாழன் ராத்திரி 11. இதுவரைக்கும் வந்ததை வச்சு: பேரு வோடூ, மு. ஐயா தவிர எல்லாரும் சரின்னுட்டாங்க. லுவா அப்படியே, முதல் தடவை வர்ற இடத்துல ஒரு வரி விளக்கம். சாமி ஏறுதல், குதிரை ரெண்டும் உண்டு. தூணுக்கு நடுத்தூண்னு வச்சிருக்கேன், கந்துவை அடிக்குறிப்புல போட்டிருக்கேன் ஐயா, விட மனசு வரல. சூனியம் ஒரே இடத்துல வருது, அது இந்தச் சமயம் இல்லன்னு சொல்ற இடம். மெய்ப்புக்காரர்கிட்ட போன்ல அரைமணி நேரம் பேசினேன், முழுசா ஒத்துக்கல, "உங்க பொறுப்பு"ன்னுட்டார். சரி, என் பொறுப்புதான்.

ஒண்ணே ஒண்ணு பாக்கி. பன்மையில லுவாகளா, லுவாக்களா? காலையில 9 மணிக்குள்ள சொல்லுங்க.
– தா.

---

விழாக்கள், நிலாக்கள் போல ஒற்று மிகும். ஆனால் அது இலுவாக்கள். ஊடூ பற்றித் தனி மடல் எழுதுகிறேன், வோ மொழிமுதலாவதை நான் ஒப்பவில்லை என்பது பதிவாகட்டும்.
– மு.