தேவனை வார இதழ் வளர்த்ததா, விழுங்கியதா?

கருப்புமசி:
இந்த மாதம் முழுக்க எழுத்தாளர் தேவனைத்தான் படித்தேன். மனசு ஆறவில்லை. 1913இல் திருவிடைமருதூரில் பிறந்தவர். கும்பகோணம் கல்லூரியில் பி.ஏ. முடித்து, சின்ன வயதிலேயே ஆனந்த விகடனுக்கு வந்துவிட்டார். கல்கி விலகிய பிறகு 1942இலிருந்து நிர்வாக ஆசிரியர். 1957 மே மாதம் போய்ச் சேர்ந்தபோது வயது 43தான். இத்தனை நாவல் எழுதியவருக்குத் தன் நாவல் ஒன்றைப் புத்தகமாகக் கையில் வைத்துப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. எல்லாமே அவர் மறைந்த பிறகு வந்தவை. அதுவரை வாராவாரம் தொடராக வந்து, பழைய பேப்பர் கடைக்குப் போனவை.

என் கட்சி இதுதான். வாராவாரம் பக்கம் நிரப்புகிற வேலை அந்த மனிதரை விழுங்கிவிட்டது. எழுதியதை ஆறப்போட்டுத் திருத்த அவகாசம் கிடைத்திருந்தால் அவருடைய நகைச்சுவை இன்னும் எவ்வளவோ உயரம் போயிருக்கும்.

ஆடுதுறை வாசகன்:
மசி சார், இதை ஏற்க முடியவில்லை. துப்பறியும் சாம்புவையே எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 50 கதைகள். சாம்பு ஒரு அசடு, பேங்க் குமாஸ்தா. எதையோ உளறுவான், எங்கேயோ தடுக்கி விழுவான், திருடன் அகப்பட்டுவிடுவான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதை மகா மேதையின் யுக்தி என்று நம்புவார். கதையின் சூத்திரம் முதல் கதையிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகும் சிரிக்க வைத்தாரே, அந்தக் கைப்பழக்கம் வாராவாரம் எழுதியதால் வந்தது. அறையைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மூன்றாவது கதையோடு நிறுத்தியிருப்பார்.

கருப்புமசி:
நிறுத்தியிருந்தால் என்ன நஷ்டம்? ஐம்பதையும் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் சாம்பு எப்போது உளறுவான் என்று கை தானாகப் பக்கத்தைத் தள்ளுகிறது. இருபது கதையாகச் சுருக்கியிருந்தால் ஒவ்வொன்றும் வைரமாக இருந்திருக்கும்.

ஆடுதுறை வாசகன்:
ஒரே மூச்சில் படித்தது உங்கள் தவறு, அவருடையது இல்லை. வாரத்துக்கு ஒன்றாகப் படிக்க எழுதியது அது.

இன்னொன்றும் சொல்கிறேன். ஸ்ரீமான் சுதர்சனம் படித்தீர்களா? சம்பளம் போதாமல் ஆபீஸ் பணத்தில் கை வைத்துவிடுகிற குமாஸ்தாவின் கதை. சிரித்துக்கொண்டே போவோம், நடுவில் வயிற்றைப் பிசையும். இது எப்போது வெளியே தெரியுமோ என்று சுதர்சனம் பயந்த மாதிரியே அன்றைய வாசகர்களும் ஒரு வாரம் பயந்துகொண்டு காத்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் குமாஸ்தாக்கள், அல்லது குமாஸ்தா வீட்டுக்காரர்கள். அந்த ஏழு நாள் இடைவெளியும் கதையில் சேர்த்திதான். புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டினால் விடை வந்துவிடும்.

பைண்டுப்பிரதி:
பழைய பேப்பர் கடை என்று மசி அண்ணா எழுதியதைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன். எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை.

பாட்டி வைத்திருந்த ஜஸ்டிஸ் ஜகந்நாதன் இப்போது என்னிடம் இருக்கிறது. கொலை வழக்கு, ஜூரிகள், வக்கீல்கள் என்று நாவல் பூராவும் கோர்ட்டுக்குள்ளேயே நடக்கிற கதை. வாராவாரம் பக்கங்களைக் கவனமாகக் கிழித்து, டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் சேர்த்து, தொடர் முடிந்ததும் சணல் நூலால் தைத்திருக்கிறார். முதுகில் காலிகோ துணி. மைதாப் பசை காய்ந்து இன்றைக்கும் பொரி மாதிரி உதிர்கிறது. பக்கத்துக்குப் பின்னால் பாதி டானிக் விளம்பரம், இன்னொருவர் கதையின் முடிவு மட்டும்.

அதில் இரண்டு வாரம் அச்சில் இல்லை. அந்த இதழ்கள் எப்படியோ தவறிப்போயிருக்கின்றன. பாட்டி பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி, கோடு போட்ட தாளில் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறார். சாட்சியை வக்கீல் மடக்கி மடக்கிக் கேட்கிற இடம். பாட்டி படித்தது ஐந்தாம் வகுப்பு. அடுப்பு வேலை முடிந்து, எந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதினாரோ! புத்தகம் வரவில்லை என்றா சொல்கிறீர்கள்? வீட்டுக்கு வீடு வந்ததண்ணா, தைத்தது நாங்கள்.

கருப்புமசி:
பழைய பேப்பர் கடை என்றதை வாபஸ் வாங்குகிறேன் தம்பி. மனசார.

ஆனால் ஒன்று. உங்கள் பாட்டி தைத்தது அவருக்குத் தெரியாதே. ஒரு பிரதியைக் கையில் எடுத்து, இந்த வரி வேண்டாம் என்று அடிக்கிற சந்தோஷம் அவருக்குக் கிடைக்கவில்லை. கோமதியின் காதலன் 1955இல் சினிமாவாகவே வந்துவிட்டது. தன் கதையைத் திரையில் பார்க்க முடிந்தவருக்கு அட்டை போட்ட புத்தகமாகப் பார்க்க முடியவில்லை. இது நியாயமா?

திரட்டிக்கால வாசகி:
நியாயம் இல்லை. அதில் மசி சார் பக்கம்தான் நான். ஆனால் திருத்த நேரம் கிடைத்திருந்தால் உயரம் கூடியிருக்கும் என்பதில் இல்லை. வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய தமிழ்மணம் திரட்டி இருந்த நாட்களில் நானும் வாரம் ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதினேன். பிறகு தொகுக்கலாம் என்று எடுத்துப் பார்த்தால், அந்த வாரச் செய்தியை நம்பி எழுதியதெல்லாம் செத்துக் கிடந்தது. வீட்டு மனுஷர்களைப் பற்றி எழுதியது மட்டும் மூச்சு விட்டது. திருத்தித் திருத்தி அதையும் கெடுத்தேன். தேவன் அன்றைய செய்தியை நம்பவில்லை, மனுஷர்களை நம்பினார். அதனால்தான் அவசரத்தில் எழுதியதும் நிற்கிறது.

ஆடுதுறை வாசகன்:
புத்தகமாக வராதது அநியாயம் என்பதில் நானும் உங்களோடுதான் மசி சார். வார இதழ் அவரை விழுங்கியது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பைண்டுப்பிரதி, அந்தக் கையெழுத்துப் பக்கங்களை அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?

பைண்டுப்பிரதி:
நேற்று ராத்திரி பார்த்தேன் சார். ஒரு சொல் மாறவில்லை. முதல் வாரம் முடிகிற இடத்தில், அடைப்புக்குறி போட்டு, 'தொடரும்' என்பதையும் எழுதியிருக்கிறார்.