கதையில் படித்த இடத்துக்கு நேரில் போன அனுபவம்: உங்களுக்கு எப்படி?

சேத்தியாத்தோப்பான்:
நானே ஆரம்பிக்கிறேன். வந்தியத்தேவன் குதிரையில் வந்த வீராணம் ஏரிக்கரையில் ஒருநாள் பைக்கிலாவது போய்விட வேண்டும் என்று கல்லூரி நாளிலிருந்து ஆசை. வீடு பக்கம்தான், ஏரியைப் பார்க்காதவனும் இல்லை. ஆனால் ‘பொன்னியின் செல்வன்’ படித்த கையோடு போவது வேறு இல்லையா? ஆடி வரை பொறுக்க முடியாமல் மே மாதமே நண்பனோடு கிளம்பிவிட்டேன்.

காட்டுமன்னார்கோயில் பக்கம் கரையேறிப் பார்த்தால் எதிரே வெடித்த தரை. நடு ஏரியில் ஆடு மேய்கிறது. கதையில் வரும் 74 கணவாய்களையும், அதாவது தண்ணீர் வெளியேறும் மதகுகளையும், எண்ணிவிடுவது என்று போனவன், வெயில் தாங்காமல் ஒரு புளியமரத்தடியில் ஒதுங்கிவிட்டேன். “இதுதான் உன் அலைகடலா?” என்று நண்பன் கேட்டதற்கு அன்று பதில் இல்லை.

பிறகு யோசித்தபோதுதான் உறைத்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கி, கீழணையில் தேங்கி, வடவாறு வழியாக வந்தால்தான் இந்த ஏரி நிறையும். கல்கியின் கதை தொடங்கும் நாள் ஆடிப் பதினெட்டு. அழகுக்காக மட்டும் போட்ட தேதி இல்லை அது. மாயவரத்துப் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்த மனுஷருக்கு ஏரி எப்போது கடலாகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தப்பான மாதத்தில் போனது நான்.

வேதாரண்யத்து மருமகள்:
எனக்குக் கோடியக்கரை, அதே கதையில் படகோட்டுகிற பூங்குழலியின் ஊர். கல்யாணமாகி வந்த முதல் மாதமே “பூங்குழலி ஊரைக் காட்டுங்க” என்று இவரை நச்சரித்துக் கூட்டிப்போனேன். பழைய கலங்கரை விளக்கம் எங்கே என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: 2004 சுனாமியில் போய்விட்டது. மிச்சமிருந்தது செங்கல் குவியல். வந்தியத்தேவன் சிக்கிக்கொண்ட புதைசேற்றையும் காட்டச் சொன்னேன். “உளையில இறங்கிப் பாக்கணுமாக்கும்?” என்று மாமியார் முறைத்ததோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆனால் குழகர் கோயிலில் நின்றபோது சிலிர்த்தது நிஜம். சுந்தரர் இங்கே பாடிய பதிகத்தில் இறைவனைப் பார்த்துத்தான் கேட்கிறார்: கடற்காற்று வந்து மோதுகிற இந்தக் கரையில், பக்கத்தில் ஒரு குடி இருந்தால் குற்றமா? சாமிக்குத் துணையில்லையே என்று கவலைப்பட்ட பாட்டு! கல்கியும் அதைக் கதையில் சொல்கிறார். எனக்கென்னவோ, படகோட்டிக்கொண்டு தனியாகப் பாடித் திரிகிற பூங்குழலி அந்தப் பதிகத்திலிருந்து எழுந்து வந்தவளாகவே படுகிறது. இது என் ஊகம், சண்டைக்கு வராதீர்கள்.

திரும்பும்போது காட்டோரம் நாலைந்து குதிரைகள். யாருடையதும் இல்லை, தானாகத் திரிகிறவை. சரணாலயத்துக்கு வருகிறவர்கள் மானைத் தேடுவார்கள். நான் குதிரையைப் பார்த்துக் கத்தியதில் இவருக்கு மானம் போயிற்று.

பினாங்கில் ஆறு வருஷம்:
இரண்டு பேரும் கல்கியையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் நாவலாசிரியர் ப. சிங்காரத்தைச் சொல்கிறேன். சிங்கம்புணரியில் 1920இல் பிறந்தவர். 1938இல் இந்தோனேசியாவின் மெடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனார். ஜப்பான்காரன் வந்ததையும் போனதையும் அங்கிருந்தே பார்த்தார். 1946இல் ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஓர் அறை. ‘புயலிலே ஒரு தோணி’ அச்சானது 1972இல். கதை நடக்கும் ஊரில் இருந்துகொண்டு எழுதவில்லை, அதை விட்டு வந்து எழுதியிருக்கிறார்.

பினாங்கில் வேலை கிடைத்ததும் முதல் ஞாயிறே நாவலில் வரும் கிட்டங்கிகளை, அதாவது செட்டியார்களின் வட்டிக்கடைகளை, தேடிப் போனேன். சூலியா தெரு, பினாங்கு தெரு, பீச் தெரு எல்லாம் பெயர் மாறாமல் இருக்கின்றன. கிட்டங்கி இருந்திருக்க வேண்டிய வரிசையில் காபிக்கடையும் சுற்றுலாக்காரர் விடுதியும். உதவியாளான அடுத்தாளும் எடுபிடியான பெட்டியடிப் பையனும் தரையில் உட்கார்ந்து கணக்கெழுதிய இடம் இதுவாக இருக்குமோ என்று ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்ததில், ஒரு சீனக் கிழவர் என்னை வாடகைக்கு வீடு தேடுகிறவன் என்று நினைத்து உள்ளே கூப்பிட்டுவிட்டார். போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

நாவலில் தொங்கான் என்கிற பாய்மரக் கப்பல் புயலில் சிக்கும் கட்டத்தை நினைத்துக்கொண்டு பட்டர்வொர்த் ஃபெர்ரியில் ஏறினேன். கால் மணி நேரப் பயணம், அலைகூட இல்லை. ஆனால் பாதி வழியில் மழை பிடித்துக் கரை இரண்டும் மறைந்தது. அப்போது என் ஞாபகத்துக்கு வந்தது மதுரை, அதுவும் மாசி வீதியில் மழை. நாவலின் நாயகன் பாண்டியனும் அப்படித்தானே, அக்கரையில் இருந்துகொண்டு மதுரையையும் சின்னமங்கலத்துச் சந்தையையும் நினைத்துக்கொண்டே இருப்பான். அவனை எழுதியவரோ மதுரையில் உட்கார்ந்து மெடானை நினைத்திருக்கிறார். மெடானுக்கு இன்னும் போகவில்லை. போக வேண்டுமா என்றும் தெரியவில்லை.

சேத்தியாத்தோப்பான்:
போய்ட்டு வாங்க சார், மாதம் பார்த்துப் போங்க! இந்த வருஷம் கீழணையில் திறந்ததும் இங்கே சொல்கிறேன். ஆடிப் பதினெட்டுக்கு வருகிறவர்கள் சித்ரான்னம் கட்டிக்கொண்டு வரவும். கரையில் கடை கிடையாது.