லேண்ட்லைன் அடித்தால் நெட் போகிறது, மொபைல் அடித்தால் ஸ்பீக்கர் கத்துகிறது, மௌஸ் தாவுகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

காவிரிக்கரை:

வணக்கம். கும்பகோணத்தை ஒட்டி எங்கள் வீடு. கீழே அம்மா, அப்பா. மாடியில் நானும் மனைவியும். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். எங்கள் தெருவுக்கு இன்னும் ஃபைபர் வரவில்லை, செம்புக் கம்பி லேண்ட்லைனோடு வரும் பிராட்பேண்ட்தான். இரண்டு மாதமாக வீட்டில் இருக்கும் போன்களுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒத்துப்போகவே இல்லை. நடப்பதை அப்படியே எழுதுகிறேன், யாராவது வழி சொல்லுங்கள்.

லேண்ட்லைனுக்கு யாராவது கூப்பிட்டால் முதல் மணியிலேயே மோடத்தில் டி.எஸ்.எல். விளக்கு சிமிட்ட ஆரம்பித்து நெட் போய்விடும். பேசி முடித்து வைத்து இரண்டு மூன்று நிமிஷம் கழித்துத்தான் திரும்ப வரும். கீழ் அறையில் அம்மா ரிசீவரை எடுத்தாலும் இதேதான். ஆனால் மாடியில் மோடம் பக்கத்தில் இருக்கும் கார்ட்லெஸ் போனில் நம்பர் போட்டுப் பேசினால் விளக்கு அசையாமல் எரிகிறது. அதே நேரம் வைஃபை மட்டும் இழுக்கிறது, வீடியோ நின்று நின்று வருகிறது.

அப்பாவின் பட்டன் மொபைல் என் மேஜையில் இருக்கும். அது அடிப்பதற்கு இரண்டு மூன்று விநாடி முன்னாலேயே ஸ்பீக்கரில் 'டிட்டிடி டிட்டிடி டிர்ர்ர்' என்று சத்தம். யாரும் கூப்பிடாதபோதும் எப்போதாவது வருகிறது. என் ஆண்ட்ராய்டு போன் அதே இடத்தில் இருந்தால் வருவதில்லை.

மூன்றாவது மௌஸ். இரவு எட்டு மணிக்கு அம்மா கார்ட்லெஸை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்ப் பெரியம்மாவோடு பேசுவார். சரியாக அந்த நேரத்தில் என் வயர்லெஸ் மௌஸ் படாத பாடு படுத்துகிறது. அம்புக்குறி ஒரு இடத்தில் நிற்கும், அப்புறம் திரையின் மறு ஓரத்துக்குத் தாவும். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கப் போனால் ஒரு பத்தியே நீலமாகிவிடுகிறது.

கம்பெனியில் புகார் செய்தேன், வந்தவர் மோடத்தை மாற்றிவிட்டுப் போனார். ஒரு மாற்றமும் இல்லை. பேசாமல் லேண்ட்லைனைச் சரண்டர் செய்துவிடலாமா என்று கேட்டதற்கு அம்மாவின் முகம் வாடிவிட்டது. முப்பது வருஷ நம்பர், உறவுக்காரர்கள் எல்லோரிடமும் இருப்பது அதுதான். எல்லாவற்றுக்கும் அந்த கார்ட்லெஸ்தான் காரணம் என்பது என் சந்தேகம். சரியா?

சால்டர் புகை:

திண்டுக்கல்லில் ஆம்ப்ளிஃபயர், ரேடியோ சர்வீஸ் செய்கிறேன். நீங்கள் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். ஒரே காரணம் இல்லை நண்பரே, குறைந்தது மூன்று இருக்கிறது. சேர்ந்து வந்ததால் ஒன்று போலத் தெரிகிறது. இரண்டு மாதத்துக்கு முன் வீட்டில் என்னென்ன மாற்றினீர்கள் என்று முதலில் யோசித்து எழுதுங்கள். புதிதாக வாங்கியது, இடம் மாற்றியது, யாரையாவது வைத்து இழுத்த கம்பி, எதையும் விடாதீர்கள்.

ஸ்பீக்கர் விஷயத்தை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இது என் பட்டறையில் தினமும் கேட்கும் சத்தம். 2ஜி போன் தொடர்ந்து அலை அனுப்புவதில்லை. ஒரே அலைவரிசையை எட்டுப் பேருக்கு நேரம் பிரித்துக் கொடுக்கும் முறை அது, உங்கள் போனுக்கு 4.615 மில்லிவிநாடிக்கு ஒரு முறை வாய்ப்பு வரும். அப்போது மட்டும் படக்கென்று அனுப்பிவிட்டு அமைதியாகிவிடும். கணக்குப் போட்டால் விநாடிக்குச் சுமார் 217 தடவை. 900 மெகாஹெர்ட்ஸ் அலை நம் காதுக்குக் கேட்காது, ஆனால் 217 ஹெர்ட்ஸ் நன்றாகவே கேட்கும். ஸ்பீக்கர் ஒயர் ஆன்டெனா மாதிரி அந்த அலையை வாங்கிக்கொள்கிறது, ஆம்ப்ளிஃபயரின் முதல் டிரான்சிஸ்டர் பழைய ரேடியோவின் டயோடு செய்யும் வேலையைத் தன்னையறியாமல் செய்துவிடுகிறது, அதிர்வு மட்டும் பிரிந்து சத்தமாக வெளியே வருகிறது.

மணிக்கு முன்னால் வருவதற்கும் காரணம் உண்டு. டவர் 'உனக்கு அழைப்பு' என்று கூப்பிட்டதும் போன் பதில் அனுப்ப வேண்டும், அந்தப் பேச்சுவார்த்தை முடிந்த பிறகுதான் மணி அடிக்கும். அழைப்பே இல்லாதபோது வருவது, போன் அவ்வப்போது 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று டவருக்குச் சொல்வதால். சிக்னல் குறைவான இடமென்றால் போன் முழு சக்தியில் கத்தும், 900 மெகாஹெர்ட்ஸில் அது 2 வாட் வரை போகும். 3ஜி, 4ஜி போன்கள் இவ்வளவு சக்தியில் இப்படி விட்டுவிட்டு அனுப்புவதில்லை, அதனால்தான் உங்கள் ஆண்ட்ராய்டு சத்தம் போடவில்லை.

போனை ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். ஸ்பீக்கர் ஒயர் நீளமாகத் தொங்கினால் சுருட்டிக் குறையுங்கள். அப்புறமும் வந்தால் ஒயரில், ஆம்ப்ளிஃபயர் பக்கத்து முனையில், ஃபெரைட் மணி (ரேடியோ அலையைத் தடுக்கும் சின்ன உருளை) ஒன்றைக் கவ்வி விடுங்கள், எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். போனின் பின்னால் ஒட்டச் சொல்லி விற்கும் ஸ்டிக்கர்களை மட்டும் வாங்க வேண்டாம், அதில் பலன் இருந்து நான் பார்த்ததே இல்லை.

பழைய லைன்மேன்:

தம்பி, அவசரப்பட்டு லைனைச் சரண்டர் செய்யாதே. முப்பத்தோரு வருஷம் கம்பத்தில் ஏறினவன் சொல்கிறேன். மோடத்தை மாற்றினால் தீராத வியாதி இது, உன் வீட்டு ஒயரிங்கில் இருக்கிறது. நீ எழுதியதிலேயே விடை இருக்கிறது: மாடிப் போனை எடுத்தால் ஒன்றும் ஆவதில்லை, கீழே எடுத்தால் நெட் போகிறது. மாடிப் போன் ஸ்பிளிட்டருக்குப் பின்னால் இருக்கிறது, கீழ்ப் போன் ஸ்பிளிட்டரைத் தாண்டாமல் நேராக லைனில் இருக்கிறது. கீழ்ப் போனுக்கு யாரோ பேரலல் இழுத்திருக்கிறார்கள், சரிதானே?

விஷயம் இதுதான். ஒரே ஜோடிக் கம்பியில் பேச்சும் நெட்டும் சேர்ந்து வருகின்றன. பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே முடிந்துவிடும், நெட்டைக் கொண்டுவரும் ஏ.டி.எஸ்.எல். சுமார் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஓடும். இரண்டையும் பிரித்து விடுவதுதான் அந்தச் சின்ன ஸ்பிளிட்டரின் வேலை. லைன் சும்மா இருக்கும்போது 48 வோல்ட் டி.சி. மட்டும் நிற்கும். மணி அடிக்கும்போது அதன் மேல் 75 வோல்ட் அளவுக்கு ஏ.சி. ஏறும். நெட் பகுதியைத் தடுக்கும் ஃபில்டர் இல்லாத போன் அதை வாங்கும்போதும் சரி, ரிசீவரை எடுக்கும்போதும் சரி, லைனின் தன்மையே ஒரு நொடியில் மாறிவிடும். மோடம் தடுமாறித் தொடர்பை விட்டுவிட்டு, திரும்ப முதலிலிருந்து பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். அதுதான் உன் இரண்டு மூன்று நிமிஷம்.

செய்ய வேண்டியது: லைன் வீட்டுக்குள் நுழைகிற முதல் ரோசெட்டிலேயே (சுவரில் போன் ஒயரை இணைக்கும் சின்னப் பெட்டி) ஸ்பிளிட்டரை வை. 'போன்' என்று போட்டிருக்கும் பக்கத்திலிருந்துதான் எல்லாப் போனும் போக வேண்டும். 'மோடம்' பக்கத்திலிருந்து தனி ஒயர் ஒன்று மோடத்துக்கு மட்டும். அது முடியாவிட்டால் கீழ்ப் போனுக்குத் தனியாக ஒரு ஃபில்டர் போடு, அதுவும் போதும்.

அப்புறம் ஒரு சோதனை. ரிசீவரை எடுத்து ஏதாவது ஒரு எண்ணை மட்டும் அமுக்கு, டயல் டோன் நின்றுவிடும். இப்போது காதில் வைத்துக் கேள். அமைதியாக இருக்க வேண்டும். கரகர என்றோ, எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரியோ கேட்டால் எங்கோ ஒரு ஜாயிண்ட் பச்சை பூத்திருக்கிறது. ரோசெட்டைத் திறந்து பார். ஒயரை முறுக்கி செலோடேப் சுற்றியிருந்தால் அதைப் பிரித்து, கம்பியைப் பளபளவென்று சுரண்டி, ஸ்குருவில் ஒழுங்காக முடுக்கு. லைனில் வேலை செய்யும்போது யாராவது கூப்பிட்டால் 75 வோல்ட் சுள்ளென்று இழுக்கும், கவனம்.

வேளச்சேரி வாசி:

மௌஸ் பற்றி மட்டும் ஒரு கேள்வி. சி.பி.யூ.வில் யு.எஸ்.பி. 3 ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா? மௌஸின் டாங்கிள் (சி.பி.யூ.வில் செருகும் சின்ன ரிசீவர்) அதற்குப் பக்கத்து ஓட்டையிலா இருக்கிறது?

எனக்கு இதே மாதிரி வந்து மூன்று மௌஸ் மாற்றினேன். கடைசியில்தான் தெரிந்தது, யு.எஸ்.பி. 3-இல் தரவு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பரவுகிறது என்று. வயர்லெஸ் மௌஸ் அங்கேதான் வேலை செய்கிறது. இன்டெல்லே 2012-இல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது, 2.4 முதல் 2.5 கிகாஹெர்ட்ஸ் வரை இரைச்சல் 20 டெசிபல் அளவுக்குக் கூடலாம் என்று அதில் இருக்கிறது. 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு. டாங்கிளுக்கு அரை அடி பக்கத்திலேயே அவ்வளவு இரைச்சல் இருந்தால் மௌஸ் சொல்வது அதற்கு எப்படிக் கேட்கும்?

கார்ட்லெஸ் மேல் பழி போடும் முன் இதைச் சோதியுங்கள்.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. சால்டர் புகை கேட்ட கேள்விதான் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது. இரண்டு மாதத்துக்கு முன்புவரை அம்மா, அப்பா மாடியில் இருந்தார்கள். அப்பாவின் மூட்டு வலியால் கீழ் அறைக்கு மாற்றினோம். அந்த வாரம்தான் எலக்ட்ரீஷியனை வைத்துக் கீழே போன் இழுத்தேன். கீழே டவர் சரியாகக் கிடைக்காததால் அப்பாவின் மொபைல் என் மேஜைக்கு வந்தது. மாடியில் இருந்த பழைய போன் கீழே போய்விட்டதால், பத்து வருஷத்துக்கு முன் அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து பீரோவில் கிடந்த கார்ட்லெஸை எடுத்து மாடியில் மாட்டினேன். ஹார்ட் டிஸ்க்கும் அப்போது வாங்கியதுதான், அப்பாவின் ஸ்கேன், பழைய போட்டோக்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று.

நேற்று இரவு எட்டு மணிக்குச் சோதித்தேன். கார்ட்லெஸின் மின்சாரத்தையே பிடுங்கிவிட்டேன், அம்மா கீழ்ப் போனில் பேசினார். மௌஸ் அப்போதும் தாவியது! ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கினேன், உடனே வெண்ணெய் மாதிரி ஓடியது. தினமும் எட்டு மணிக்கு பேக்கப் ஆகும்படி நானேதான் அமைத்து வைத்திருக்கிறேன். அம்மா பேசும் நேரமும் அதுவும் ஒன்றாக இருந்ததை இத்தனை நாள் கவனிக்கவில்லை. டாங்கிளை ஒரு நீட்டிப்பு ஒயரில் மாட்டி கீபோர்டு பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். இப்போது பேக்கப் ஓடும்போதும் ஒரு தடங்கலும் இல்லை.

இன்று காலை ரோசெட்டைத் திறந்தேன். லைன்மேன் ஐயா சொன்னது அப்படியே இருந்தது. மாடிக்குப் போகும் ஒயரின் தோலைப் பாதியில் சீவி, கீழ்ப் போன் ஒயரை அதில் முறுக்கி விட்டிருக்கிறார் எலக்ட்ரீஷியன். மேலே செலோடேப், அது பழுத்து வழுவழுவென்று கழன்று வந்தது. அடியில் செம்பு முழுக்கப் பச்சை, ஸ்குரு பக்கத்தில் எறும்பு மண். தேய்த்துச் சுத்தம் செய்து, ஸ்பிளிட்டரை அங்கேயே வைத்து, மோடத்துக்குத் தனி ஒயர் இழுத்துவிட்டேன். என் மொபைலிலிருந்து லேண்ட்லைனுக்கு ஆறு தடவை அடித்துப் பார்த்தேன். விளக்கு ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை.

மீதி ஒன்றுதான், கார்ட்லெஸில் பேசினால் வைஃபை இழுப்பது. சேனலை 1, 6, 11 என்று மூன்றிலும் மாற்றிப் பார்த்தேன், வித்தியாசம் இல்லை.

சால்டர் புகை:

கார்ட்லெஸின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்து அமெரிக்க மாடல்கள் பல அப்படித்தான், வைஃபை ஓடும் அதே இடத்தில் ஓடும். ஒரே அலைவரிசையில் நிற்கும் போன் என்றால் சேனல் மாற்றித் தப்பிக்கலாம். அலைவரிசை விட்டு அலைவரிசை குதித்துக்கொண்டே இருக்கும் போன் என்றால் நீங்கள் எந்தச் சேனலுக்குப் போனாலும் அது வந்து இடிக்கும். உங்களுடையது இந்த வகையாகத்தான் தெரிகிறது. அதுவும் பேஸ் யூனிட் ரூட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் உங்கள் கம்ப்யூட்டரை அதற்கு மாற்றிவிடலாம். ஆனால் அந்த போனையே மாற்றுவதுதான் நல்லது. இங்கே கடைகளில் விற்கும் டெக்ட் வகைக் கார்ட்லெஸ் போன் 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும், வைஃபை பக்கமே வராது.

ஒரு எச்சரிக்கை. அண்ணனிடம் சொல்லி அமெரிக்காவிலிருந்து புதிதாக வாங்கி வரச் சொல்லாதீர்கள். அங்கே விற்கும் 'டெக்ட் 6.0' ஓடுவது 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில். அது மொபைல் சேவைக்கான 2100 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் ஆரம்பம், கைபேசி டவருக்கு அனுப்பும் பகுதி. உங்கள் வீட்டில் ஒரு கோளாறும் தெரியாது, ஆனால் பக்கத்து டவரின் காதில் இரைச்சல் விழலாம், தெருவில் இருப்பவர்களின் அழைப்பு அறுபடலாம். இங்கே அதைப் பயன்படுத்த அனுமதியும் இல்லை.

காவிரிக்கரை:

லேபிளில் 2.4 என்றுதான் இருக்கிறது. கடைத்தெருவில் ஒரு டெக்ட் செட் வாங்கி வந்துவிட்டேன். அப்பாவின் மொபைலைக் கூடத்து ஜன்னல் திட்டில் வைத்தாயிற்று, அங்கே டவரும் கிடைக்கிறது. ஸ்பீக்கர் அமைதி.

இன்று எட்டு மணிக்கு அம்மா திண்ணையில் உட்கார்ந்து பேசினார். மாடியில் பேக்கப் ஓடியது, நான் மீட்டிங்கில் இருந்தேன், ஒன்றும் அறுபடவில்லை. பேசி முடித்துவிட்டு மேலே வந்து, "அக்கா குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்குதுடா, அந்தக் கரகர சத்தமே காணோம்" என்றார். இத்தனை நாளாகக் கரகரப்பு இருந்ததையே அவர் என்னிடம் சொன்னதில்லை.

பழைய லைன்மேன்:

வயதானவர்கள் சொல்ல மாட்டார்கள் தம்பி, நாம்தான் ரிசீவரை எடுத்துக் கேட்க வேண்டும். ஐப்பசி மழை தொடங்கியதும் ஒரு தடவை அந்த ஒற்றை எண் சோதனையைத் திரும்பச் செய். அப்போது கரகரத்தால் உன் ரோசெட்டில் தேடாதே, வெளியே டி.பி. பெட்டியில் (தெருவில் வீட்டு லைன்களைப் பிரித்து விடும் பெட்டி) தண்ணீர் இறங்கியிருக்கும். புகார் எழுதும்போது 'நெட் வரவில்லை' என்று எழுதாமல் 'லைனில் சத்தம்' என்று எழுது. மோடத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவருக்குப் பதில் ஏணி எடுத்துக்கொண்டு வருகிறவர் வருவார்.