போட்டிக்கு முந்தின நாள் மகள் சாப்பிடுவதே இல்லை, என்ன செய்வது?

கொலுசுப் பட்டறை:
எல்லாருக்கும் வணக்கம். சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் பத்தாவது படிக்கிறாள், 800 மீட்டர் ஓடுவாள். மூன்று வருடமாக விடியற்காலை காந்தி ஸ்டேடியத்துக்கு வண்டியில் கூட்டிப் போவது நான்தான். ஒவ்வொரு ஓட்டத்தின் டைமிங்கையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். 2 நிமிடம் 41 நொடியில் ஆரம்பித்தவள் போன வருடம் 2:27க்கு வந்துவிட்டாள்.

இந்த வருடம் மாவட்டப் போட்டியில் கடைசி நூறு மீட்டரில் கால் பின்னி விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, வேறு அடி இல்லை. ஆனால் அதற்கப்புறம் ஆளே மாறிவிட்டாள். போட்டி என்றால் முந்தின நாளே சோறு இறங்குவதில்லை. காலையில் வாந்தி. ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்க்கிறேன், விளக்கு போடாமல் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஸ்பைக்ஸ் ஷூ. அடியிலுள்ள ஆணிகளை ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றுகிறாள், திரும்ப மாட்டுகிறாள்.

"பயம்தான், நாலு போட்டி ஓடினால் தெளிந்துவிடும்" என்கிறார் கோச். நானும் ஒரு நாள் ஆத்திரத்தில், "நம்ம பெரியவடகம்பட்டி மாரியப்பன் பஸ் ஏறிக் கால் நசுங்கியும் தங்கம் வாங்கினார், உனக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். பதில் பேசவில்லை. அன்றிலிருந்து வண்டியில் என் தோளைப் பிடிப்பதில்லை, பின்கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள். ஓட்டத்தை நிறுத்திவிடலாமா?

வாழப்பாடி பி.டி. மாஸ்டர்:
சார், மாரியப்பன் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 2016ல் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். டோக்கியோவில் 1.86, வெள்ளி. பாரிஸில் 1.85, வெண்கலம். உயரம் குறைந்துகொண்டுதான் வந்தது. ஏன் குறைந்தது என்று நாம் யாராவது கேட்டோமா? மூன்று தடவையும் கைதட்டினோம். அந்தக் கைதட்டலை உங்கள் மகளுக்கும் கொடுங்கள். அவர் பெயரைச் சொல்லி அடிக்காதீர்கள்.

நிறுத்துவதா வேண்டாமா என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம், அவளிடம் கேளுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் அணிப் போட்டியின் நடுவிலேயே விலகினார். காற்றில் சுழலும்போது உடம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்றார். அவரே பாரிஸில் மூன்று தங்கம் வாங்கினார். ஒரு சீசன் விட்டால் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

ஏற்காடு தம்பி:
அண்ணா, நான் காலேஜ் இரண்டாம் வருடம். ஸ்கூலில் 400 மீட்டர் ஓடினேன். ஓடி முடித்து மூச்சு வாங்கும்போதே அப்பா "எவ்வளவு?" என்பார். வேறு ஒன்றும் கேட்க மாட்டார். டைமிங் கெட்ட நாளில் மலையேறும் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் முடியும்வரை தூங்குவதுபோல நடிப்பேன். அந்த நோட்டை யோசித்துப் பாருங்கள் அண்ணா.

நர்ஸ் அக்கா:
அண்ணா, மனநலப் பிரிவில் வேலை செய்கிறேன். போட்டி நாளில் மட்டும் வயிறு கலங்கினால் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளது. ஆனால் தூக்கம் போய், பேச்சும் குறைந்து, வாரக்கணக்கில் நீடிக்கிறது என்றால் காட்டித்தான் ஆக வேண்டும். அவளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாவிட்டால் அது நின்றுபோகும், எலும்பும் பலவீனமாகும். "உடம்பு லேசாகிவிட்டது, நல்லதுதானே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

14416 என்கிற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். நேரில் போக நம் சேலம் அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். பக்கத்திலேயே இருந்து, அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

கொலுசுப் பட்டறை:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். 14416க்கு முதலில் நான்தான் பேசினேன். பேசிய அம்மா அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டார்கள். மாரியப்பன் பேச்சுக்கு மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். நோட்டை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் ஸ்டேடியத்தில் நாலு சுற்று சும்மா ஓடினாள். வெளியே வந்ததும் "பசிக்குதா கண்ணு?" என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டைமிங் கேக்கலையாப்பா?" என்றாள். இல்லை என்றேன். தட்டுவடை செட் கடையில் இரண்டு பிளேட் சாப்பிட்டாள். காரச் சட்னி இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினாள்.

மாதவிலக்கு மூன்று மாதமாக வரவில்லையாம், அவள் அம்மாவுக்கே இப்போதுதான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். நர்ஸ் தங்கச்சி, நான் வெளியே உட்கார்ந்துகொண்டு அவள் மட்டும் டாக்டரிடம் தனியாகப் பேசலாமா? அப்படித்தான் வேண்டும் என்கிறாள்.

நர்ஸ் அக்கா:
தாராளமாகப் பேசலாம் அண்ணா. ஓ.பி. சீட்டு போடும்போதே சொல்லிவிடுங்கள். காலையில் சீக்கிரம் வாருங்கள், கூட்டம் இருக்கும்.